இன்னும் ஒரு ரவுண்டு

தம்பிக்கு,

உன் புற்றுநோய்க்குக் கடைசி கீமோ மருந்து ஏறி இந்த மாதத்தோடு பத்து வருஷம். நீ 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருப்பதை உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சித்தி மகனுக்கு முன்பே தெரியுமாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. காரணம் எனக்கே தெரியும்.

அந்த ஸ்போர்ட்ஸ் டே. 800 மீட்டர், நம் பள்ளி மைதானத்தில் நாலு ரவுண்டு. நீ மூன்றை முடித்திருந்தாய். நான் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். புதிதாய் முளைத்திருந்த சுருட்டை முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் துணியில் ஒரு பின் கழன்று, நீ மூச்சு வாங்க வாங்க அது ஆடியது. “இன்னும் ஒரு ரவுண்டுதான்க்கா” என்றாய். என் விரலுக்கடியில் உன் நாடி அடித்த வேகத்தில், இதோ நின்றுவிடும் என்று பயந்துபோனேன். ஓடுகிற எந்தப் பிள்ளைக்கும் நாடி அப்படித்தான் அடிக்கும் என்று தோன்றவே இல்லை. பந்தல் நிழலில் உட்காரவைத்து குளுக்கோஸ் கலந்து கொடுத்தேன். நீ வாயில் வைக்கவில்லை. அப்புறம் ஓடவும் இல்லை.

மன்னித்துவிடுடா. ஆனால் “இதயத்தைப் பார்த்துக்கணும்” என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் நான். எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது, ஓடக்கூடாது என்று. அந்தச் சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், கட்டியைக் கரைக்கிற கையோடு இதயத் தசையையும் தொட்டுவிடும். பாதிப்பு பத்து இருபது வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். உடம்புப் பரப்பில் சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராம், உனக்குப் பன்னிரண்டு முறை, மொத்தம் 300. 250ஐத் தொட்டாலே ஆபத்து அதிகம் என்று வைத்து ஆயுசுக்கும் கண்காணிக்கச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கை நான் போட்டது போன வருஷம்தான். ஃபைலில் எல்லாம் இருந்திருக்கிறது. ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைத்திருந்தோம்.

நீ மட்டும் என்ன? மூன்று தடவை எக்கோவுக்குத் தேதி வாங்கினேன். மூன்று தடவையும் வரவில்லை. வார்டில் உன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படித்துத்தான் கடைசி செமஸ்டர் எழுதினேன். இரண்டு பேப்பர் போனது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொல்லிக்காட்டக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

இதை வீட்டுப் பெரியவர்கள் படிப்பார்கள். நாளைக்குப் பெண் வீட்டார் யாராவது படிக்கலாம். அதனால் போன மாதம் நீயாகப் போய் எடுத்து அனுப்பிய எக்கோவில், இதயம் எவ்வளவு வேலை செய்கிறது என்று வந்த எண்ணை இங்கே எழுதவில்லை. எதற்கு எடுத்தாய் என்பது இப்போதுதான் புரிகிறது. தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் நான் பார்த்ததையும் எழுதமாட்டேன். அந்த இதயத்தை வைத்துக்கொண்டு அது மட்டும் வேண்டாம்டா.

உனக்கு வந்த அதே நிணநீர்ப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் லிம்போமாவிலிருந்து மீண்ட 1,187 பேரைப் பற்றி 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள், இருபது இருபது நிமிஷம் மூச்சு வாங்க உடற்பயிற்சி செய்கிற அளவுக்கு மேல் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிட இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினை ஏறக்குறைய பாதிதான். தெம்பாக இருப்பவர்கள்தானே ஓடுவார்கள் என்று கேட்கலாம், அதுவும் நியாயம்தான். ஆனாலும் அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து எத்தனை வருஷம் உட்காரவைத்திருக்கிறேன்.

ஓடு. ஆனால் எக்கோ ரிப்போர்ட்டை இதய டாக்டரிடம் காட்டி, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று கேட்டுக்கொள். ஜிம்மில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய வெயிட் தூக்குவதற்கு முன்னாலும் கேள். படபடப்போ, நெஞ்சுவலியோ, கால்வீக்கமோ, எப்போதும் இல்லாத மூச்சிரைப்போ வந்தால் அன்றைக்கே நிறுத்து, மறைக்காமல் சொல். என்னிடம் இல்லை, டாக்டரிடம். சரி, என்னிடமும்.

அன்றைக்கு நான் வரலாமா? கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்பேன். வாட்ஸ்அப்பில் பதில் போடாதே, போன் பண்ணு.

அக்கா