பதினெட்டு மாதப் பயிற்சி எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் பற்றாக்குறை என்று செய்தி வரும்போதெல்லாம், புதிதாக எத்தனை பேரை எடுக்கப் போகிறார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஏற்கனவே எடுத்தவர்கள் முப்பது வருடம் கழித்து எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அதே தோட்டத்து லயன் வீட்டு வாசலில், அதே பையோடுதான் நிற்கிறார்கள். பைக்குள் இருப்பதும் அதேதான்: தொங்கவிட்டு நிறுக்கும் சால்டர் தராசு, அளவு நாடா, சிசுவின் இதயத்துடிப்பு கேட்கும் குழல், கருத்தடை மாத்திரை, கர்ப்பிணிகளின் பதிவட்டையான எச் 512 கட்டு.

"தரம் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறத்தானே செய்கிறார்கள்" என்பார்கள். 06/2006 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை கொண்டுவந்த தர ஒழுங்கு அது. ஏறுவது சம்பளத் தரம் மட்டுமே. வேலை ஒரு அங்குலமும் நகர்வதில்லை. நேற்று நியமனம் பெற்றவருக்கும் இருபத்தைந்து வருடம் கழித்துத் தரம் ஒன்றுக்கு வந்தவருக்கும் ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட ஒரு பிரிவுதான். இருவரும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடான எச் 526ஐத் திருத்த வேண்டும். பிரசவமான வீட்டுக்கு முதல் பத்து நாளில் இரண்டு தடவை, 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை என நான்கு முறை போக வேண்டும். மாத முடிவில் மாத அறிக்கையான எச் 524ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும். நகரத்தில் 3,000 பேர் நான்கு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். டயகமவிலோ பொகவந்தலாவையிலோ அவர்கள் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற தோட்டப் பிரிவுகளில் மலை முழுக்கப் பரந்திருப்பார்கள். முழங்கால் தேய்ந்த வயதிலும் அந்தப் படிகளைத்தான் ஏற வேண்டும்.

மேலே போக வழி உண்டா? ஒன்று உண்டு: மேற்பார்வைக் குடும்பநல உத்தியோகத்தர். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு ஒன்றுக்குப் பொதுவாக ஒருவர்தான். 60,000 பேர் வாழும் பிரிவென்றால், 3,000க்கு ஒருவர் கணக்கில் 20 பேர் களத்தில் இருப்பார்கள். மேற்பார்வைக்கு வருகிறவர் ஐந்து வருடம் இருந்து ஓய்வுபெறுகிறார் என்று வைத்துக்கொண்டாலும், முப்பது வருடத்தில் அந்த நாற்காலியைத் தொடுவது ஆறு பேர். மீதி பதினான்கு பேருக்கு அது எட்டாக்கனி. திறமைக் குறைவு காரணமல்ல, நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

அதற்கு மேலே இருக்கும் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி பதவி இந்த ஏணியில் சேராது. அது தாதியர் சேவையிலிருந்து நிரப்பப்படுவது. ஆரம்ப சிகிச்சை நிலையங்களைப் பலப்படுத்துகிறோம் என்று அண்மைக் காலத்தில் உருவாக்கிய பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் பதவியும் தாதியருக்கே போனது. இதில் தாதியர் மீது எங்களுக்கு வருத்தம் கிடையாது, அவர்கள் மூன்று வருடம் படித்து வந்தவர்கள். எங்கள் கேள்வி வேறு. பதினெட்டு மாதம் முழுநேரமாகப் படித்துப் பரீட்சை எழுதி, வாட்டிலும் களத்திலும் பயிற்சி பெற்றவரின் படிப்புக்கு இந்த நாட்டில் என்ன பெறுமதி?

இன்றைய நடைமுறையில் அது எந்த மேற்படிப்புக்கும் கணக்கில் சேராது. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் தாதியாக விரும்பினால் பாடசாலையை விட்டு வந்த பிள்ளைகளோடு சேர்ந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும், வயதெல்லையும் தாண்டியிருக்கக் கூடாது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் போதாது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டம் படிக்கலாம் என்று பார்த்தால், திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியர் பட்டப்படிப்பு பதிவுபெற்ற தாதியருக்கானது.

ஆனால் எண்ணுவதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. படிப்புகளைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு பன்னிரண்டு மட்டங்களைக் கொண்டது. அதில் ஒரு வருட முழுநேரப் படிப்பு என்பது 1,500 மணித்தியாலம், அதாவது 30 திறமைப் புள்ளி (கிரெடிட்). ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலம். இந்தக் காலக் கணக்கைப் பதினெட்டு மாதத்துக்குப் போட்டால் 45 புள்ளி வருகிறது. மூன்றாம் மட்டத்து டிப்ளோமாவுக்கு 30, நான்காம் மட்டத்து உயர் டிப்ளோமாவுக்கு 60, ஐந்தாம் மட்டத்துப் பொதுப் பட்டத்துக்கு 90. ஆக, ஒரு குடும்பநல உத்தியோகத்தர் நியமனக் கடிதம் வாங்கும் அன்றே டிப்ளோமாவைத் தாண்டி, உயர் டிப்ளோமாவுக்கு 15 புள்ளி குறைவாக நிற்கிறார். பட்டத்துக்கான பாதித் தூரத்தையும் கடந்துவிட்டார். காலத்தை மட்டும் வைத்துப் புள்ளி கொடுத்துவிட முடியாது, பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் ஒரு பல்கலைக்கழகம் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அந்தச் சரிபார்ப்பைத்தான் செய்யுங்கள் என்கிறோம்.

குறையும் 15 புள்ளி என்பது 750 மணித்தியாலம். வீட்டில் படிப்பதும் இதற்குள் அடக்கம். கிழமைக்கு எட்டு மணித்தியாலம் ஒதுக்கினால் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். தொற்றாநோய், மனநலம், தரவு முகாமைத்துவம் என்று இன்று களத்தில் தேவைப்படுவதையே பாடமாக வைக்கலாம். பிறகு உயர் டிப்ளோமா பெற்றவருக்கென்று பிரிவுக்கு இரண்டு மூன்று சிறப்புப் பொறுப்புகளை ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எழுதினால், ஒரு நாற்காலிக்கு இருபது பேர் காத்திருக்கும் நிலை மாறும். படிப்பு மட்டும் வந்து பதவி வராவிட்டால் சுவரில் மாட்ட இன்னொரு சான்றிதழ்தான் மிச்சம்.

கிடைக்கக்கூடிய தர உயர்வுகூடக் காலத்துக்குக் கிடைப்பதில்லை. தர உயர்வு தானாக வராது. உரிய திகதி வந்ததும் உத்தியோகத்தரே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் சுயவிவரக் கோவையோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து பிராந்தியப் பணிப்பாளருக்கும் அங்கிருந்து மாகாண மட்டத்துக்கும் ஏற வேண்டும். எங்கே தடக்குகிறது என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கோவையைத் திறந்து பாருங்கள். வருடத்துக்கொரு சம்பள ஏற்றக் கடிதம் வரிசையாக நாடாவில் கோர்க்கப்பட்டிருக்கும். இடமாற்றம் நடந்த வருடத்துக் கடிதம் மட்டும் பழைய பணிமனையிலேயே தங்கியிருக்கும். அந்த ஒரு தாளுக்காக முழுக் கோவையும் திரும்பி வரும். அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, கலியாணத்துக்குப் பிறகு மாறிய முதலெழுத்து. தோட்டத்தில் பிறந்தவர்களின் பதிவுகள் பலரின் கையால் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி எழுதப்பட்டவை என்பதால் இது எங்கள் பக்கத்தில் அதிகம். நியமனம் பெற்ற முதல் வருடத்திலேயே சத்தியக் கடதாசி முடித்துக் கோவையில் சேர்த்துவிட வேண்டும். பத்தாம் வருடத்தில் தேடி ஓடக் கூடாது. பிரசவ விடுமுறையில் முழுச் சம்பளத்தோடு 84 நாள், அரைச் சம்பளத்தோடு 84 நாள், சம்பளமில்லாமல் 84 நாள் எனப் பிரிவு உண்டு. கடைசிப் பகுதியை எடுத்தவர்கள் அதன் அங்கீகாரக் கடிதத்தில் ஒரு பிரதியைத் தங்கள் கையிலும் வைத்திருக்க வேண்டும்.

வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, ஒபிஸில் ஈ.பி. என்பார்களே, அதுதான் பெரிய கண்ணி. பிந்திச் சித்தியடைந்தால் தர உயர்வுத் திகதியும் பிந்தும். குறித்த காலத்துக்குள் பரீட்சையே நடத்தப்படாமலும் போவதுண்டு. அப்படியானால் நடத்தப்படவில்லை என்பதை அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னால் தர உயர்வை உரிய பழைய திகதியிலிருந்தே கேட்க அந்தத் தாள்தான் துணை. வாய்ப் பேச்சு கோவையில் ஏறாது.

மொழித் தேர்ச்சி இன்னொன்று. 2007 ஜூலை 1க்குப் பின் நியமனம் பெற்றோர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி நியாயமானது, அதை நீக்கச் சொல்லவில்லை. லயத்தில் தமிழில் வேலை செய்கிறவர் சிங்களப் பரீட்சைக்குத் தயாராக அட்டனிலோ நுவரெலியாவிலோ சனிக்கிழமை வகுப்பு வையுங்கள். அதே விதியை, தோட்டப் பிரிவுக்கு வந்து தமிழ் பேசப் பழகுமுன் இடமாற்றம் வாங்கிப் போகிறவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் போன வெற்றிடத்தை ஈடுகட்டுவது பக்கத்துப் பிரிவுக்காரர்தான். அப்படிப் பதில் கடமை பார்த்த மாதங்களுக்கு மேற்பார்வைப் பதவிக்கான தெரிவில் தனிப் புள்ளி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மாவட்ட மட்டம் வரை ஒரு படியாவது உண்டு. தோட்டக் கம்பனிகளின் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் தோட்ட வைத்திய உதவியாளர், தோட்ட மருத்துவிச்சி, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைமடுவத்தைப் பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோர் அரச ஊழியர் அல்லர். முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்டும் ஊழியர் சேமலாப நிதியும், 3 வீத நம்பிக்கை நிதியும்தான் அவர்களுடைய முதுமைக்கு. ஓய்வூதியம் கிடையாது. தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் பிரசவம் பார்த்த ஒருவர் அரச சேவைக்குத் தெரிவானாலும் அவருடைய சேவைக்காலம் முதல் நாளிலிருந்துதான் ஆரம்பிக்கும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது நிர்வாகம் கைமாறியது, இந்த ஊழியர்களின் படிநிலையைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைமடுவப் பணியாளர்களுக்காவது முன்கற்றலை அங்கீகரித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. மாவட்டம் முழுக்க அதைச் செய்து முடிக்கப் புதிய சட்டம் தேவையில்லை.

தகைமை மதிப்பீட்டுக்குக் காலம் எடுக்கும். கோவைகளுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது. டயகமவிலிருந்து ஒருவர் விடியமுன் பஸ் ஏறி, தலவாக்கலையில் மாறி, ஒரு தாளைப் பற்றி விசாரிக்கக் கண்டிக்குப் போய் வந்தால் அன்றைய கிளினிக் இன்னொருவர் தலையில் விழுகிறது. மாகாணத் திணைக்களத்தின் தாபனக் கிளை வருடத்தில் இரண்டு நாள் கோவைகளோடு நுவரெலியாவுக்கு வந்து, ஒவ்வொருவரின் கோவையிலும் குறைகிற தாள் எது என்பதை அவரிடமே எழுதிக் கொடுக்கட்டும். முதல் நாளை, அடுத்த இரண்டு வருடத்துக்குள் ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
களச் சுகாதார உத்தியோகத்தர் சிலர்,
நுவரெலியா மாவட்டம்.