மேற்கு சிட்னித் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் கோயில் சபையினருக்கும்,

வணக்கம்.

கோடைகால இசை விழாக்கள் தொடங்கும் முன்னர் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் மண்டபங்களில் நீரிழிவு பற்றியும் இருதய நோய் பற்றியும் வைத்தியர்கள் வந்து பேசுகிறார்கள். முதியோருக்கு யோகா நடக்கிறது, பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி நடக்கிறது. நடன விழாக்களில் இளையவர்கள் எடுக்கும், எக்ஸ்டசி என்றும் சொல்லப்படும் எம்.டி.எம்.ஏ. போதைக் குளிசையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதற்கென ஒரு கூட்டத்தை, பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் இருக்க, தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்த ஆண்டே நடத்துங்கள்.

"எங்கட பிள்ளையள் அப்பிடியில்லை" என்ற பதில் வரும் என்று தெரியும். 2017 டிசெம்பர் தொடக்கம் 2019 ஜனவரி வரையான பதின்மூன்று மாதங்களில் நியூ சவுத் வேல்ஸ் இசை விழாக்களுக்குப் போன ஆறு பேர் இறந்தார்கள். எல்லோரும் 18க்கும் 23க்கும் இடைப்பட்ட வயதினர். அவர்களில் ஐந்து பேர் போன விழாக்கள் நடந்த இடங்கள் ஒலிம்பிக் பார்க், பென்ரித், பரமட்டா பார்க். எங்கள் சனம் வாழும் ஹோம்புஷில் இருந்து ஒலிம்பிக் பார்க்குக்கு எவ்வளவு தூரம்? பரமட்டா பார்க்கில் நாங்கள் குடும்பமாகப் போய்ப் பாய் விரித்துச் சாப்பிடுகிறோம். படிப்பும் ஒழுக்கமும் உள்ள பிள்ளைகள்தான் அந்த ஆறு பேரும், பெற்றோரின் செல்லங்கள். அந்த வயதில் எங்கள் பிள்ளைகளும் அதே நண்பர்களோடு அதே விழாக்களுக்குத்தான் போகிறார்கள்.

இந்த ஆறு மரணங்களையும் விசாரித்த பிரதி மாநில மரண விசாரணை அதிகாரி ஹாரியட் கிரஹாம் 2019 நவம்பரில் தன் முடிவுகளை வெளியிட்டார். அதில் ஒரு விடயம் என்னை இன்னும் விடவில்லை. பரமட்டா விழாவுக்குப் போய் இறந்த 19 வயதுப் பெண், வாசலில் பொலிஸாரிடம் பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து, கையில் இருந்த குளிசைகளை உள்ளே போகும் முன்பே எடுத்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பயம் ஒரு பிள்ளையை ஒரேயடியாக எடுக்க வைத்தது என்பது விசாரணையில் பதிவாகியிருக்கிறது. விழாக்களில் இருந்து மோப்ப நாய்களை விலக்கும்படியும், குளிசைகளைப் பரிசோதிக்கும் சேவையைத் தொடங்கும்படியும் அந்த அதிகாரி பரிந்துரைத்தார். அன்றைய அரசு பரிசோதனைக்கு மறுத்துவிட்டது.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் தாதி. உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். எம்.டி.எம்.ஏ. உடல் வெப்பத்தை ஏற்றுகிறது. களைப்பையும் தாகத்தையும் உணர விடாது. ஜனவரி வெயிலில், நெருக்கமான கூட்டத்தில், மணிக்கணக்காக ஆடினால் உடல் வெப்பம் 40 பாகையையும் தாண்டலாம். அதற்குப் பிறகு தசைகள் சிதைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது, இரத்தம் உறைய மறுக்கிறது. "தண்ணி நிறையக் குடி" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் ஆபத்து. 1995இல் இதே சிட்னியில் 15 வயது மாணவி ஒருத்தி இந்தக் குளிசையை எடுத்து, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் உப்பு குறைந்து மூளை வீங்கி இறந்தாள். இன்னொன்று: குளிசை வேலை செய்யத் தொடங்க ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலாகும். "ஒண்டும் செய்யேல்லை" என்று நினைத்து இரண்டாவதை எடுப்பவர்கள் அதிகம். ஒரே நிறத்தில், ஒரே முத்திரையோடு வரும் இரண்டு குளிசைகளில் ஒன்றில் மற்றதைப்போல் இரண்டு மடங்கு மருந்து இருக்கலாம்.

பரிசோதனை என்பதைப் "பிள்ளையளுக்குப் போதைப்பொருள் குடுக்கிற வேலை" என்று நினைப்பவர்களுக்கு அது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். குளிசையில் இருந்து சிறு துகளைச் சுரண்டி, அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் வைத்து என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு அந்தப் பிள்ளையுடன் ஒரு சுகாதாரப் பணியாளர் இருந்து கதைப்பார். "இது பாதுகாப்பானது" என்று அவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்றுதான் பேச்சே தொடங்கும். பல பிள்ளைகளுக்குத் தன் போதைப்பொருள் பாவனையைப் பற்றி ஒரு பெரியவருடன் பயமின்றிக் கதைக்கக் கிடைக்கும் முதல் சந்தர்ப்பம் அது. 2019இல் கன்பராவில் நடந்த குரூவின் த மூ விழாவில், என்-எதில்பென்டிலோன் என்ற ஆபத்தான பொருள் தங்களிடம் இருப்பதாக அறிந்த ஏழு பேரும் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். நெதர்லாந்தில் இந்தச் சேவை 1992 முதல் அரசின் ஆதரவோடு நடக்கிறது.

இதுவும் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆறு பேரின் மரணத்துக்கும் காரணம் ஏதோ கலப்படம் அல்ல, எம்.டி.எம்.ஏ.தான். அதனால்தான் பரிசோதனைக் கூடாரம் மட்டும் போதாது என்கிறேன். நிழல், குளிர்ந்த இடம், இலவசத் தண்ணீர், பக்கத்திலேயே வைத்தியக் குழு, வீட்டில் உண்மையைக் கதைக்கும் பெற்றோர், எல்லாம் வேண்டும்.

எங்கள் சமூகத்தில் பயம் இரட்டிப்பாக இருக்கிறது. தற்காலிக விசாவில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை, "அம்புலன்ஸைக் கூப்பிட்டால் பொலிஸ் வரும், விசா போகும்" என்று நினைக்கும். விசாக் கவலை உள்ள வீட்டிலும் இல்லாத வீட்டிலும், "அப்பாவுக்குத் தெரிஞ்சால் கொன்றுபோடுவார்", "ஊர்ச்சனம் கதைக்கும்" என்ற பயம் ஒன்றுதான். நண்பன் மயங்கிக் கிடக்கும்போது இந்தப் பயங்களை எண்ணிப்பார்ப்பதிலேயே இருபது நிமிடம் போய்விடும். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, தாடை இறுகி, வலிப்பு வரும் ஒருவருக்கு அந்த இருபது நிமிடம்தான் உயிர்.

பெற்றோர்களே, இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "எந்த நிலையில் இருந்தாலும், யாருக்கு என்ன நடந்தாலும், முதலில் வைத்தியக் கூடாரத்துக்கு ஓடு, அல்லது அவசர இலக்கம் 000க்கு அடி. என்ன எடுத்தது என்று மறைக்காமல் சொல்லு. பிறகு எனக்கு அடி. நான் வாறன். அண்டைக்கு ஏச மாட்டன்." சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒருமுறை ஏசினால் அடுத்த முறை அந்த அழைப்பு வராது.

சங்கங்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். 2024 இறுதியில் மாநில அரசு பரிசோதனை முன்னோட்டத்தை அறிவித்து, 2025 மார்ச்சில் வொல்லங்கொங் விழா ஒன்றில் தொடங்கியது. இப்படியான சேவைகள் ஆட்சி மாறினால் போய்விடும். குயின்ஸ்லாந்தில் 2024இல் திறந்த நிலையங்கள் 2025இல் மூடப்பட்டன. இங்கே அது நடக்காமல் இருக்க, பரமட்டாவிலும் ஸ்ட்ராத்ஃபீல்டிலும் பென்ரித்திலும் உள்ள உங்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். பொங்கல் விழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொள்ளும் அவர்களிடம் இதையும் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்றால், டான்ஸ்வைஸ் என்.எஸ்.டபிள்யூ. குழுவினர் விழாக்களில் இளையவர்களோடு நேரடியாக வேலை செய்பவர்கள். ஒரு தமிழ் வைத்தியரையும், விழாக்களுக்குப் போய்வரும் எங்கள் பிள்ளைகளில் இருவரையும் சேர்த்து மேடையில் அமர்த்துங்கள். பிள்ளைகள் முதலில் பேசட்டும். யாரும் பெயர் சொல்லாமல் கேள்வி எழுதிப்போட ஒரு பெட்டி வையுங்கள். பெயர் சொல்லாமல் ஆலோசனை பெற 1800 250 015 என்ற இலவச இலக்கம் இருக்கிறது. அதைப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். மண்டபத்துக்கான செலவை நானும் என்னோடு வேலை செய்யும் தமிழ்த் தாதியர் சிலரும் ஏற்கத் தயார். ஒக்டோபருக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாருங்கள்.

இப்படிக்கு,
மேற்கு சிட்னியில் பணியாற்றும் ஒரு தாதி, இரண்டு பிள்ளைகளின் தாய்