செயலாளர் ஆண்டறிக்கை: கோடைத் திட்டங்களுக்கு மாணவர் தேர்வும் வழிகாட்டலும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் மாதக் கூட்டங்களும், மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் லினக்ஸ் நிறுவும் முகாம்களும் வழக்கம்போல் நடந்தன. இவ்வாண்டு செயற்குழுவின் நேரம் பெரும்பாலும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்களுக்கு நிரல் எழுதப் புதியவர்களைப் பழக்கும் கூகுளின் திட்டம்) போன்ற திட்டங்களுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதில்தான் போனது.

2005-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2022 முதல் மாணவர்களுக்கு மட்டுமானதல்ல. 18 வயது நிறைந்த புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். அதனால் படிப்பு முடித்து வேலை தேடுபவர்களையும் சேர்த்துக்கொண்டோம். "இதுக்குப் பணம் கட்டணுமா?" என்று பல பெற்றோர் கேட்டார்கள். கட்டணம் கிடையாது, இடைக்கால, இறுதி மதிப்பீடுகளில் தேறினால் உதவித்தொகை வரும் என்று வீட்டுக்கே போய் விளக்கினோம்.

விண்ணப்பம் மார்ச்சில்தான் திறக்கும். அப்போது ஓடத் தொடங்கினால் பயனில்லை என்பதால் அக்டோபரிலேயே ஆரம்பித்தோம். மதிப்பெண் பார்க்கவில்லை, நேர்காணலும் வைக்கவில்லை. ஏதாவது ஒரு திறந்த மூல மென்பொருளில் சின்ன வழுவை (நிரல் பிழையை) திருத்தி அனுப்ப வேண்டும், வரும் விமர்சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் நின்றவர்களுக்குத் தனி வழிகாட்டி. இதைவிட நல்ல தேர்வுமுறை இல்லை என்றே நினைக்கிறேன்.

குலசேகரத்திலிருந்து வந்த ஒரு மாணவி லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்கொண்டார். அதன் மூலநிரலை முதன்முறை கம்பைல் செய்ய, அதாவது இயங்கும் மென்பொருளாக மாற்ற, பல மணி நேரமாகும். ஐப்பசி மழையில் வீட்டில் கரண்ட் நிற்காது, மடிக்கணினியிலோ 8 ஜிபி ரேம். நம் அமைப்பின் அறைக் கணினியில் இரவு முழுக்க ஓடவிட்டோம். திருத்தம் கெரிட்டில் (நிரல் மாற்றங்களைப் பரிசீலிக்கும் தளத்தில்) ஏறியதும், 'என்ன மாற்றினாய் என்பது தெரிகிறது, ஏன் மாற்றினாய் என்று கமிட் செய்தியில் (மாற்றத்தோடு சேர்க்கும் விளக்கக் குறிப்பில்) எழுது' என்ற பொருளில் ஒரு குறிப்பு வந்தது. நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிவிட்டார். வழிகாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, இது கதவைச் சாத்துவதல்ல, உள்ளே கூப்பிடுவது என்று புரியவைத்தார். அப்புறம் அவரே திருத்தி எழுத, ஏற்றுக்கொண்டார்கள். கோடைக்கு இடம் கிடைக்கவில்லை; பங்கேற்கும் மென்பொருள் அமைப்புகளுக்குக் கூகுளிடமிருந்து கிடைக்கும் இடங்கள் குறைவு. குளச்சல் மாணவர் ஒருவர் வேறொரு மென்பொருளுக்கான 175 மணி நேரப் பணிக்குத் தேர்வானார். இருவரையும் நினைத்து எனக்கு ஒரே அளவு பெருமை.

விண்ணப்பத்தைப் பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தையில்தான் எழுத வேண்டும் என்ற விதியை அடுத்த ஆண்டும் தொடர விரும்புகிறோம். அறைக்கு 32 ஜிபி ரேம் உள்ள கணினி ஒன்றும் இன்வெர்ட்டரும் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.