வைனுக்கு ஊர் முக்கியம்தான், ஆனால் எந்த ஊர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆலை இருக்கும் ஊரை வைத்தே வைனின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் பார்களில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆலையைவிடத் தோட்டம்தான் பெரிது. 1976இல் பாரிஸில் பெயரை மறைத்து ருசி பார்த்தபோது, பிரெஞ்சு வெள்ளை வைன்களை முந்தியது கலிபோர்னியாவின் சாட்டோ மொண்டலீனா ஆலையின் வைன். ஆலை இருப்பது நாப்பாவில். ஆனால் அந்த வைனுக்குப் பழத்தில் பெரும்பங்கு பக்கத்துச் சொனோமாவிலிருந்து போனது. புகழை மட்டும் நாப்பா வாங்கிக்கொண்டது!

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் சரிவுகளில் தரையெல்லாம் சிலேட்டுக் கல். பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் விடும். அந்தக் குளிரிலும் ரீஸ்லிங் திராட்சை பழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் மிஸ்ட்ரால் என்ற வடகாற்று கொடியின் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கிறது.

நம்மிடமும் ஒரு காற்று இருக்கிறது. கச்சான் என்ற வறண்ட சுடுகாற்று. வெள்ளைக்காரர் இங்கே அதிகம் வருவது மே முதல் செப்டம்பர் வரை, கச்சான் அடிப்பதும் அப்போதுதான். கொழும்பிலிருந்து லொறியில் வரும் வைன் போத்தல்களைத் தகரக் கூரை ஸ்டோரில் சோடாப் பெட்டிகளோடு அடுக்கிவிடுவார்கள். 13 பாகை அளவில் இருக்க வேண்டிய சாமான் அது. வெக்கை ஏறினால் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கை மேலே தள்ளும், விளிம்பில் கசியும். பழவாசம் போய்க் காய்ச்சிய ஜாம் மணம் வந்துவிடும். அப்புறம் அது மோசலா, பிரான்சின் பர்கண்டியா என்று யார் கண்டது? ஒரு பிரெஞ்சு விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு மறக்காது. ஊர்ப் பெயரை நம்பிக் காசு கொடுத்த மனுசன், பாவம்.

சிவப்பு வைனை அறை வெப்பத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று நம் பையன்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரி, எந்த அறை? ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை, 18 பாகைக்குள் இருக்கும். உப்புவெளியில் மத்தியானம் 33.

குளிரறை வைக்க முடியாத இடங்கள் விலைகூடிய பர்கண்டியை வாங்கி அடுக்காமல், சீக்கிரம் விற்றுத் தீரும் மலிவான வைனை வைத்தாலே போதும். அடுத்த முறை இதையும் நாலு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹோட்டல் ஊழியர்,
உப்புவெளி, திருகோணமலை.