பீஹூன் தட்டோடு நின்ற பங்குதாரர்

செம்பவாங், சிங்கப்பூர்

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் பங்குனி உத்திரம் வந்துவிட்டது. ஈசூன் புனித மரம் கோயிலில் வழக்கம்போல நல்ல கூட்டம். பேரன் முதல் முறையாகப் பால்குடம் எடுத்தான். கிளம்பும்போது பெரிய வீரன், வெயில் ஏறியதும் "தாத்தா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நாலடிக்கு ஒரு தடவை கேட்டான். எனக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். நடக்கலாம், மாடிப்படி வேண்டாம் என்று உத்தரவு. மற்றபடி எல்லாரும் சுகம். பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு நட.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் சாப்பாட்டு மேசையில் சொன்னதாக எழுதியிருந்தாய்: கம்பெனி பங்குதாரர்களுடையது, அவர்களுக்கு லாபம் பார்த்துக் கொடுப்பதுதான் அதன் வேலை, ஆட்களை வைத்துக் காப்பாற்ற அது என்ன அன்னசத்திரமா என்று. உனக்குக் கோபம் வந்ததே தவிர பதில் வரவில்லை, பேசாமல் கை கழுவப் போய்விட்டாய். "நீதான் பங்கெல்லாம் வைத்திருக்கிறவனாயிற்றே, நீ சொல்" என்று என்னிடம் தள்ளிவிட்டாய்.

சரியான ஆளிடம்தான் தள்ளியிருக்கிறாய். போன வாரம்தான் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். நான் வேலை பார்த்த அதே தொழிற்சாலையின் கூட்டம். பெயர் எழுதவில்லை, உனக்குத் தெரியும்.

ஹோட்டல் மண்டபம், முகத்தில் அடிக்கும் ஏசி. வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள், தோளில் துணிப்பை. தலைவர் படம் போட்டு விளக்கினார், கோடு மேலே ஏறியது. கேள்வி நேரம் வந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, லாப ஈவு இன்னும் கொஞ்சம் கூட்ட முடியாதா என்றார். இன்னொருவர், போன வருஷம் கறிபஃப் இருந்ததே, இந்த வருஷம் ஏன் வெறும் பீஹூன் சேமியா என்று கேட்டார். மண்டபமே சிரித்தது, கவனிக்கிறோம் என்று தலைவரும் சிரித்தார். நான் ஒரு கேள்வியை உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று பீஹூன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். சம்பல் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்க நினைத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் பற்றி. உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அந்த வருஷம் கம்பெனிக்கு நல்ல லாபம். இருந்தும் ஒரு உற்பத்தி லைனை இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குக் கொண்டுபோனார்கள், 38 பேருக்கு வேலை போயிற்று. நான் அப்போது ஸ்டோரில் சூப்பர்வைசர், எனக்குக் கீழே ஆறு பேர். மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து ஒரு தாளைக் கொடுத்தாள். ஆறு பேர் பெயர், வயது, வேலையில் சேர்ந்த தேதி, சம்பளம். "இரண்டு பெயர் வேண்டும் அங்கிள், வெள்ளிக்கிழமைக்குள்" என்றாள். நல்ல பெண்தான், அவள் கையும் நடுங்கிற்று.

நான் சம்பளப் பத்தியைப் பார்த்தேன், மணியம். எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதிகச் சம்பளம் யாருக்கு? அதிக வருஷம் உழைத்தவருக்கு. நம் தண்ணீர்ப்பந்தல் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், வருஷா வருஷம் உத்திரத்துக்கு மோரும் பானகமும் கொடுப்பாரே, அவர்தான் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். 22 வருஷம். அவர் பெயருக்கு நேரே இருந்த டிக் என் பேனாவால் போட்டதுதான்.

திங்கட்கிழமை காலை கூப்பிட்டுச் சொன்னார்கள், மத்தியானத்துக்குள் பாஸை வாங்கிக்கொண்டார்கள். வருஷத்துக்கு இரண்டு வாரச் சம்பளம் என்று கணக்குப் போட்டு, சுமார் பத்து மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அண்ணன் கத்தவில்லை. லாக்கரைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்குக் காலைல கன்டெய்னர் வருதே, யார் இறக்குவா?"

இரண்டு மாதம் கழித்து லாப ஈவு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் பங்குக்கு 4 காசு, அந்த வருஷம் 6 காசு. என்னிடம் இருபதாயிரம் பங்கு. ஆக எனக்குக் கூடுதலாக 400 வெள்ளி. அதில் வீட்டுக்கு ஒரு மின்விசிறி வாங்கினோம். இப்போதும் நான் எழுதுகிற மேசைக்கு மேலேதான் சுற்றுகிறது.

உன் மருமகன் சொன்னது புதிதாக முளைத்த கருத்து இல்லை. 1970 செப்டம்பரில் மில்டன் ஃப்ரீட்மன் என்ற பொருளியல் அறிஞர் நியூயார்க் டைம்ஸின் வார இதழில் எழுதியது. நிர்வாகி என்பவர் முதலாளிகளின் ஊழியர், அவர்கள் பணத்தை எடுத்துச் சமூகத்துக்கு நல்லது செய்கிறேன் என்று இறங்கினால் யாரும் கேட்காத வரியை அவரே போட்டு அவரே செலவழிக்கிறார் என்பது அவர் வாதம். அதிலும், விதிகளை மீறாமல், ஏமாற்றாமல் லாபம் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார். இந்தப் பாதியைச் சாப்பாட்டு மேசைகளில் யாரும் சொல்வதில்லை. முட்டாள்தனமான வாதம் என்று தள்ளவும் முடியாது. கோயில் நிர்வாகி உண்டியல் பணத்தை எடுத்துத் தன் பெயரில் தர்மம் செய்தால் நாம் விடுவோமா?

ஆனால் எனக்கு இடிப்பது ஒரு இடம். பங்குதாரர் பணம் போட்டவர், ஆபத்து அவருடையது, அதனால் முதல் பந்தி அவருக்கு என்கிறார்கள். நான் போட்ட பணம் எங்கே போனது தெரியுமா? அந்தப் பங்குகளை நான் சந்தையில் வாங்கினேன். எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் கைக்குத்தான் என் காசு போயிற்று, கம்பெனிக்கு ஒரு வெள்ளிகூடப் போகவில்லை. விலை சரிந்தால் காப்பிக்கடையில் உட்கார்ந்தபடி, கோப்பி ஆறுவதற்குள், போனில் விற்றுவிடுவேன். அண்ணன் தன் 22 வருஷத்தை எந்தச் சந்தையில் விற்பார்? இடுப்புவலி சேர்த்து யார் வாங்குவார்?

அமெரிக்காவில் இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கு முன்பே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. ஹென்றி ஃபோர்டு 1914இல் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அப்புறம், லாபத்தைத் தொழிற்சாலையைப் பெருக்கவும் கார் விலையைக் குறைக்கவும் போடுவேன், பெரிய லாப ஈவு கிடையாது என்றார். பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். 1919இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், கம்பெனி முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காக நடப்பது என்று சொல்லி, சுமார் 19 மில்லியன் டாலரைப் பிரித்துக் கொடுக்க வைத்தது. ஃபோர்டு ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. ஆட்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்த 5 டாலர். டாட்ஜ் சகோதரர்களும் சொந்தமாகக் கார் செய்ய ஆரம்பித்திருந்தார்கள், அவர்கள் கைக்குப் பணம் போவதில் அவருக்கு என்ன ஆசை இருக்கும்? அந்த வழக்கில் யாரும் தொழிலாளியைக் கூப்பிட்டு உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் பொதுக்கூட்டம் மாதிரிதான். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் 181 பெரிய நிறுவனத் தலைவர்கள், இனி ஊழியர், வாடிக்கையாளர், ஊர் எல்லாரையும் பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துக்குப் பஞ்சமில்லை.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தங்கை மகளைக் கேட்டேன், வழக்கறிஞர் ஆயிற்றே. நிறுவனச் சட்டம் 159ஆம் பிரிவில், இயக்குநர்கள் முடிவெடுக்கும்போது ஊழியர் நலனையும் கருத்தில் கொள்ளலாம் என்று இருக்கிறதாம். "கொள்ளலாம்" மாமா, "கொள்ள வேண்டும்" இல்லை என்று சிரித்தாள். ஆட்குறைப்புத் தொகையும் அப்படித்தான். வருஷத்துக்கு இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதச் சம்பளம் வரை என்பது வழக்கம், அரசு, முதலாளி, தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து போட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பிலும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இல்லாவிட்டால் சட்டப்படி கட்டாயமில்லை. ஆட்குறைப்புச் செய்ததை ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குச் சொல்வது மட்டும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனிக்குக் கட்டாயம். அமைச்சுக்குச் சொல்ல "வேண்டும்", ஆளுக்குக் கொடுக்க"லாம்". இரண்டு எழுத்துக்குள் ஒரு குடும்பத்தின் பத்து மாதச் செலவு இருக்கிறது பார்.

"லாம்", "வேண்டும்" ஆனதும் நடந்திருக்கிறது. துப்புரவு வேலைக்கு 2014இல் படிப்படியான சம்பள முறையை உரிமத்தோடு கட்டினார்கள். அப்போது அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி கொடுக்காவிட்டால் உரிமம் கிடையாது என்றார்கள். கட்டுப்படியாகாது என்று எத்தனை பேர் முனகினார்கள். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தை இன்றைக்கும் காலையில் கூட்டுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் கம்பெனிக்கு நஷ்டமே வந்தாலும் ஆளை எடுக்கக்கூடாது என்கிறேன் என்று நினைக்காதே. நஷ்டக் காலத்தை நாம் பார்த்தவர்கள். 1985இல் பொருளாதாரம் சரிந்தபோது, 1986 ஏப்ரலிலிருந்து முதலாளி கட்டும் மத்திய சேமநிதிப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10க்குக் குறைத்தார்கள். உனக்கும் எனக்கும் கல்யாணமான புதிது, வீட்டுத் தவணை வேறு. தொழிற்சங்கக் காங்கிரஸே ஒப்புக்கொண்டது, நாமும் பல்லைக் கடித்துக்கொண்டோம். நாம் அன்றைக்கு விட்டுக் கொடுத்ததற்கு எந்தக் கம்பெனியும் பங்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. அந்தச் சேமநிதிப் பங்கு ஏறியும் இறங்கியும், 55 வயது வரை உள்ளவர்களுக்கு இன்றைக்கு 17இல் நிற்கிறது. கஷ்டம் வந்தால் எல்லாரும் ஒரே குடும்பம், லாபம் வந்தால் பாகப்பிரிவினை. எனக்குக் கோபம் அங்கேதான். நஷ்டத்தில் ஆள் குறைப்பது வேறு, லாபத்தை இன்னும் இரண்டு காசு ஏற்ற ஆள் குறைப்பது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள்.

நம் அப்பாமார் கதையை மருமகனுக்குச் சொல்லியிருக்கிறாயா? 1968 ஜனவரியில் பிரிட்டிஷ்காரன் கடற்படைத் தளத்தை மூடிக்கொண்டு 1971க்குள் போகிறேன் என்று அறிவித்தபோது நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டிலும் விளக்கணைத்துத் தூங்கவில்லை. கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு எத்தனை குடும்பம் இந்தியாவுக்குப் போகிற ராஜூலா கப்பல் ஏறிற்று. உன் அப்பாவும் என் அப்பாவும் துணிந்து நின்று, அப்புறம் அதே இடத்தில் செம்பவாங் கப்பல் பட்டறையில் சேர்ந்தார்கள். மூட்டை கட்டிக்கொண்டு போகிற வெள்ளைக்காரன்கூட மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும்போதே முன்கூட்டிச் சொன்னான். அண்ணனுக்குக் கிடைத்தது அரை நாள்.

பங்குகளை விற்றுவிட்டாயா என்று கேட்பாய். இல்லை. சிங்டெல் தொலைபேசிக் கம்பெனிப் பங்கை 1993இல் சேமநிதிப் பணத்தில் தள்ளுபடி விலைக்குக் கொடுத்ததிலிருந்து நம்மைப் போன்றவர்களும் பங்குதாரர்கள்தானே. அந்தப் பணம்தான் என் மருந்துச் செலவைப் பார்க்கிறது. நான் விற்றாலும் வேறு யாராவது வாங்கி அதே வரிசையில் தட்டோடு நிற்பார். ஜெர்மனியில் 1976லிருந்து இரண்டாயிரம் பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் மேற்பார்வை வாரியத்தில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. நமக்குப் பாதி வேண்டாம், அந்த மண்டபத்தில் ஒரே ஒரு நாற்காலி போடட்டும். அதில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆறு காசுக்குக் கைதட்டட்டும்.

அண்ணன் இப்போது ஒரு கொண்டோமினியத்தில் பாதுகாவலர், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். உத்திரத்தன்று லீவு போட்டுவிட்டுப் பந்தலில்தான் நின்றார். பேரனுக்குப் பானகம் கொடுத்தார், எனக்கு மோர். அந்த டிக்கைப் பற்றி இதுவரை நான் வாய் திறந்ததில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் தெரியாது. "கம்பெனி நல்லா போகுதா துரை?" என்று கேட்டார். நல்லா போகுதுண்ணே என்றேன். "போகட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கிளாஸை நிரப்பினார்.

நீ டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். தேதியை முன்கூட்டியே சொல். செம்பவாங் வெந்நீர் ஊற்றை இப்போது அழகாகப் பூங்காவாக்கிவிட்டார்கள், முட்டை வாங்கிக்கொண்டு போய் அவித்துச் சாப்பிடலாம். அண்ணனையும் கூப்பிட நினைக்கிறேன். நீ கூட இருந்தால் நான் அதைச் சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது.

அன்புடன்,
துரை