பிள்ளைகளின் வீட்டுக் கணினியிலும் ஓடும் மென்பொருள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருள் 1988 முதல் விற்பனையில் இருக்கிறது. விலை கொடுத்து வாங்குவது எங்களைப் போன்றவர்களால் ஆகாத காரியம். 2013 நவம்பரில் அதைத் தயாரிக்கும் உல்ஃப்ரம் நிறுவனம், ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு மட்டும், வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் கணினிப் பலகை. அப்போது 25, 35 டாலருக்குக் கிடைத்தது. நல்ல மனதோடு கொடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எருமாட்டில் என் வீட்டுக்கு மாலையில் வரும் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லித் தருகிறேன். என் மகன் வாங்கித் தந்த பை பலகை பழைய டிவியோடு இணைந்து கிடக்கிறது. அதில் மேத்தமேட்டிகா கொஞ்சம் திணறித்தான் ஓடும். ஆனாலும் சைன் வளைவை வரைந்து திரையிலுள்ள ஒரு பொத்தானை இழுத்தால் அலை உயர்கிறது, இன்னொன்றை இழுத்தால் அலைகள் நெருங்கி வருகின்றன. கரும்பலகையில் வரைந்து வரைந்து அழித்தும் பாதிப் பிள்ளைகளுக்குப் பிடிபடாத விஷயம், இதைப் பார்த்ததும் புரிந்துவிடுகிறது.

ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பெண், தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள், மறுநாளே தன் அண்ணனுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், இதுலயும் ஏத்திக் குடுங்க" என்றாள். ஏற்ற முடியாது. ராஸ்பெர்ரி பைக்கான பதிப்பு ஏஆர்எம் என்ற வகைச் சிப்புக்காகச் செய்தது, லேப்டாப்பில் இருப்பது வேறு வகை. அதற்கும் மேலே, இலவச உரிமமே அந்தப் பலகைக்கு மட்டும்தான். கையில் கணினி இருந்தும் அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இப்படிச் செய்வது இந்த ஒரு நிறுவனம் மட்டுமில்லை. ஆப்பிள் 2013-இல் பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் என்ற தன் அலுவலக மென்பொருள்கள் மூன்றையும் புதிதாகத் தன் கருவி வாங்கியவர்களுக்கு இலவசமாக்கியது. அதன் பழைய மேக் கணினி வைத்திருந்தவர்களில் பலர் இலவசமாகப் பெற 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கருவி விற்பதற்காக மென்பொருளைக் கொடுப்பது அவர்கள் வியாபாரம், அது தப்பில்லை. பள்ளிப் பாடத்தை அதை நம்பி நடத்துவதுதான் தப்பு.

எங்களுக்குப் பக்கத்திலேயே வயநாடு. அங்கே பள்ளிகளில் கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் உபுண்டு வழி லினக்ஸ் ஓடுகிறது, அதாவது விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம். பிள்ளைகள் அதைப் பென்டிரைவில் கொண்டுபோய் வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். கணக்குக்கு ஜியோஜீப்ரா என்ற, வளைவுகளும் வடிவங்களும் வரையும் மென்பொருள். நம் பாடநூலிலும் 'இணையச் செயல்பாடு' பகுதியில் அதே ஜியோஜீப்ராதான் வருகிறது, ஆனால் க்யூஆர் கோடு வழியாக. சேரம்பாடி, அய்யன்கொல்லி பக்கம் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் டவரும் போய்விடும். அப்புறம் எதை ஸ்கேன் செய்வது? இத்தனைக்கும் ஜியோஜீப்ராவை இணையமே இல்லாமல் ஓடும்படி விண்டோஸிலும் லினக்ஸிலும் நிறுவ முடியும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் அதைத்தான் ஏற்றிக் கொடுத்தேன். மேத்தமேட்டிகா செய்வதையெல்லாம் அது செய்யாது, உண்மைதான். வகையிடல், தொகையிடலுக்கு மேக்சிமா என்ற இன்னொரு மென்பொருள் இருக்கிறது. அதுவும் இலவசம், கட்டளைகள் பழக மட்டும் கொஞ்ச நாள் ஆகும். ப்ளஸ் டூ கணக்குக்கு இரண்டும் சேர்ந்தால் தாராளம்.

நீலகிரி மாவட்டக் கல்வி அதிகாரிகள் பள்ளிகளிலுள்ள ஹைடெக் லேப் கணினிகளில் இவ்விரண்டையும் இணையம் இல்லாமல் ஓடும்படி நிறுவ வேண்டும், பிள்ளைகள் பென்டிரைவில் எடுத்துப்போகவும் அனுமதிக்க வேண்டும். எந்த நிறுவனம் இலவசமாக மென்பொருள் தர வந்தாலும், மாணவர் வீட்டிலுள்ள கணினியிலும் அது ஓடுமா, உரிமம் அதற்கு இடம் தருமா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் இங்கே மழை பிடித்துக்கொள்ளும். நிறுவும் வேலையை மே மாதத்திலேயே முடித்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
எருமாடு, பந்தலூர் வட்டம், நீலகிரி.