சம்பந்தியின் 24-ஆம் கட்டம்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய சம்பந்தியின் டிடி 214 (அமெரிக்க ராணுவம் பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் சான்றுத் தாள்) நகலை வரி வரியாகப் படித்தேன். பதக்கங்களை எழுதும் 24-ஆம் கட்டத்தில் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன: தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம், தென் வியட்நாம் அரசு கொடுத்த போர்க்களப் பதக்கம். 1967 அக்டோபரிலிருந்து ஓராண்டு வியட்நாமில் 25-ஆம் காலாட்படை டிவிஷனில் துப்பாக்கி சுமந்து நடந்தவர் அவர். 1968 மே மாதம் குண்டுச் சிதறல் பட்டு, கூச்சியில் இருந்த 12-ஆவது இவாக்குவேஷன் மருத்துவமனையில் படுத்திருந்தார். போரில் காயம்பட்டவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் எங்கே, காலாட்படைப் போர் பேட்ஜ் (சிஐபி) எங்கே என்று மாப்பிள்ளை கேட்பது முழுக்க நியாயம்.

இப்படி விடுபடுவது அபூர்வம் இல்லை, அம்மா. வியட்நாமிலிருந்து திரும்பும்போது பணிக்காலத்தில் 150 நாளோ அதற்குக் குறைவாகவோ மீதியிருந்தால், ராணுவம் அவர்களை வந்த கையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் இறங்கி, புது உடுப்பு வாங்கி, கையெழுத்துப் போட்டு வெளியே போனவர்கள் ஏராளம். அன்றைக்குக் கோப்பில் எந்தக் காகிதம் இருந்ததோ அதைப் பார்த்து எழுத்தர் தட்டச்சு செய்தார். களத்தில் போட்ட பதக்க உத்தரவு வாரக்கணக்கில் பின்தங்கி வந்து கோப்பில் சேர்ந்திருக்கலாம். வராமலே போயிருக்கவும் கூடும்.

ஆகவே முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள். கொடுத்தும் எழுதாமல் விட்டது ஒரு வகை. கொடுத்திருக்க வேண்டியது, ஆனால் யாரும் கொடுக்கவில்லை என்பது வேறு வகை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதுகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். முதல் வகைக்கு உத்தரவின் நகல் கிடைத்தாலே போதும். இரண்டாவது வகையிலும் பர்ப்பிள் ஹார்ட் தனி. தகுதி இருந்தால் அது உரிமை, யாருடைய பரிந்துரையும் வேண்டாம். வீரத்துக்கான வெண்கல நட்சத்திரம் அப்படியில்லை. யாரோ ஓர் அதிகாரி பரிந்துரைத்து, மேலே ஒருவர் ஒப்பி, உத்தரவு வந்திருக்க வேண்டும். அன்று பரிந்துரையே போகவில்லை என்றால், இன்று காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வழியாகப் புதிதாகப் பரிந்துரை அனுப்பவேண்டும். சட்டத்தில் 10-ஆம் தொகுதி 1130-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. பாதை நீளம். சம்பந்தி அதைக் கேட்கவில்லை என்று நீ எழுதியிருப்பதால் இப்போதைக்கு அதைத் தொடவேண்டாம்.

எடுத்த எடுப்பில் ராணுவ ஆவணங்களைத் திருத்தும் வாரியத்துக்கு எழுதாதே. முழுக் கோப்பும் கைக்கு வரட்டும். அது செயின்ட் லூயிஸில் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கிறது. 1973 ஜூலை 12-ஆம் தேதி அங்கே தீப்பிடித்து 160 முதல் 180 லட்சம் கோப்புகள் அழிந்தன. "எல்லாம் எரிந்துபோச்சு" என்று யாராவது உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தால் ஏற்காதே. தரைப்படையில் எரிந்தவை 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களுடையவை. சம்பந்தி வெளியே வந்தது 1968-இல்.

கோப்பைக் கேட்கும் எஸ்எஃப் 180 படிவத்தில் அவரே கையெழுத்திட்டுத் தேதி போடவேண்டும். மருமகள் கையெழுத்து செல்லாது, மகன் கையெழுத்தும் அவர் உயிரோடு இருக்கையில் செல்லாது. பணியிலிருந்து விலகி 62 ஆண்டு ஆனபிறகுதான் கோப்பு பொது ஆவணமாகும். அவருக்கு அது 2030. படிவத்தில் டிடி 214 என்ற கட்டத்தை மட்டும் குறித்தால் உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அதே தாளைத்தான் அனுப்புவார்கள். "பணியாளர் கோப்பு முழுவதும், டிஏ படிவம் 20, எல்லா உத்தரவுகளும், மருத்துவ ஆவணங்களும்" என்று விரித்து எழுது. மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த தாள்கள் ஆள் பெயரில் அடுக்கப்படுவதில்லை. மருத்துவமனையின் பெயர், ஆண்டு என்றுதான் அடுக்கியிருப்பார்கள். எனவே 12-ஆவது இவாக்குவேஷன் மருத்துவமனை, கூச்சி, 1968 மே என்று தனியாகக் குறிப்பிடு. சம்பந்தி எப்போதாவது வீஏ-யில் (முன்னாள் படைவீரர் நலத்துறை) உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தால் மருத்துவத் தாள்கள் அங்கே போயிருக்கும். அதற்கு வீஏ படிவம் 20-10206.

இன்னொரு நுணுக்கம். 1969 ஜூலை 1 வரை தரைப்படையில் சோஷியல் செக்யூரிட்டி எண் அடையாள எண்ணாக இல்லை. கட்டாய ராணுவச் சேவையில் போனவர்களுக்கு 'யூஎஸ்' என்று தொடங்கும் சேவை எண் இருந்தது. அன்றைய உத்தரவுகளில் அந்த எண்தான் இருக்கும். இரண்டையும் எழுது.

கோப்பு வந்ததும் முதலில் டிஏ படிவம் 20-ஐ எடு. மடித்து மடித்து மங்கிப்போன அட்டை மாதிரி ஒன்று. டிடி 214-ஐவிட எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் அவர் போன இடமெல்லாம் கூடவே போய், அங்கங்கே எழுதப்பட்டது. 38-ஆம் கட்டத்தில் எந்தக் கம்பெனி, என்ன வேலை, எந்தத் தேதி முதல் என்று இருக்கும். 40-ஆம் கட்டம் காயம், 41 பதக்கங்கள். 41-இல் பர்ப்பிள் ஹார்ட் என்றோ 'சிஐபி' என்றோ உத்தரவு எண்ணோடு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அது வெறுமையாக இருந்தால்தான் தேடல். பர்ப்பிள் ஹார்டுக்கு மூன்று காட்டவேண்டும்: காயம் எதிரியின் தாக்குதலால் வந்தது, மருத்துவ அலுவலர் சிகிச்சை செய்யவேண்டிய அளவு இருந்தது, அந்தச் சிகிச்சை அன்றே பதிவானது. மலேரியா, சேற்றுப்புண், வண்டி கவிழ்ந்த விபத்து, ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லியால் வந்த நோய்கள் எதுவும் இதில் சேராது. மருத்துவமனைத் தாளில் 'சிதறல் காயம்' என்று மட்டும் இருந்தால் போதாது. எதிரியின் மார்ட்டரா, நம் பக்கத்துப் பயிற்சி விபத்தா என்று வாரியம் கேட்கும். அந்த இடைவெளியை நிரப்புவது கம்பெனியின் மார்னிங் ரிப்போர்ட், அதாவது ஆட்களின் வரவு போக்கைக் குறிக்கும் அன்றாடத் தாள். அதுவும் செயின்ட் லூயிஸில்தான் இருக்கிறது. கம்பெனி எழுத்து, பட்டாலியன் எண், மாதம் மூன்றும் இல்லாமல் தேடமாட்டார்கள். காயம்பட்ட நாளிலேயே வரி இருக்கும் என்று எதிர்பார்க்காதே, இரண்டு மூன்று நாள் கழித்தும் எழுதியிருப்பார்கள். ஆள் கம்பெனியை விட்டுப் போனால்தான் அதில் வரி விழும். களத்திலேயே கட்டுப்போட்டுக்கொண்டு அன்றே திரும்பியவருக்கு ஒன்றும் இருக்காது. சம்பந்தி மருத்துவமனைக்கே போனவர், அதனால் தேடிப் பார்ப்பது வீணாகாது.

பட்டாலியனின் தினக்குறிப்பு மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில், தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். டிஏ படிவம் 1594. எத்தனை மணிக்கு எங்கே சுட்டார்கள், எத்தனை பேர் காயம் என்று நேர வரிசையில் இருக்கும். வானொலியில் பெயர் சொல்லக்கூடாது என்பதால் காயம்பட்டவர்கள் வெறும் வரிசை எண்ணாக இருப்பார்கள். பெயர் இல்லையே என்று ஒதுக்கிவிடாதே. அன்று அந்தக் கம்பெனிமேல் எதிரி குண்டு விழுந்தது என்பதற்கு அதைவிட நல்ல தாள் இல்லை.

எளிதாக எல்லோரும் தவறவிடுவது உடல் பரிசோதனைத் தாள்கள். சேரும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று, எஸ்எஃப் 88. அதில் தழும்புகளைக் குறிப்பார்கள். 1967-இல் இல்லாத தழும்பு 1968-இல் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. கூடவே வரும் எஸ்எஃப் 89-இல் அவரே தன் கையால் காயத்தைப் பற்றி எழுதியிருக்கலாம். இப்போது எடுக்கும் எக்ஸ்ரேயில் இரும்புத் துண்டு தெரிந்தால் சேர்த்து வை, ஆனால் அதை நம்பி நிற்காதே. துண்டு உள்ளே இருப்பதைக் காட்டும், எப்போது யாரால் என்று அது காட்டாது.

கூட இருந்தவர்களின் சாட்சியம் கிடைத்தால் பெரும் பலம். ஒவ்வொருவரும் தம் சொந்த வார்த்தையில், தாம் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும். எங்கே நின்றார், என்ன பார்த்தார், யார் ஹெலிகாப்டரில் ஏற்றினார் என்பதுவரை வேண்டும். தன் டிடி 214 நகலையும் இணைக்கவேண்டும். நோட்டரி முன்னால் கையெழுத்திடலாம், அல்லது பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற வாசகத்தோடு முடிக்கலாம். நீ ஒரே வாசகம் எழுதி இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினால் இரண்டும் கெடும். அன்றைய தாள் ஒன்றுகூட இல்லாமல் சாட்சியம் மட்டும் போனால் பெரும்பாலும் நிற்காது.

பேட்ஜ் விஷயம் இதைவிடச் சுலபம் போலத் தோன்றும், ஆனால் அங்கேதான் வழுக்கும். சிஐபி என்பது சண்டை பார்த்த எல்லோருக்கும் இல்லை. வியட்நாமில் சிப்பாய்களுக்கு 11பி, 11சி, 11எஃப், 11ஜி, 11எச் என்ற வேலைக் குறியீடுகளுக்குத்தான் கொடுத்தார்கள். 11டி, 11ஈ இரண்டும் 11-இல் தொடங்கினாலும் கவசப்படை. காலாட்படையோடு நடந்து பீரங்கிக்குக் குறி சொன்னவர் எவ்வளவு ஆபத்தில் இருந்தாலும் அவருக்குக் கிடையாது. சம்பந்தியின் 23ஏ கட்டத்தில் 11பி20 என்று இருக்கிறது, நல்லது. அதோடு டிஏ 20-இல் அவர் காலாட்படைக் கம்பெனியில் அந்த வேலையையே செய்ததும், கம்பெனி தரைச் சண்டையில் இருந்தபோது அவரும் அங்கே இருந்ததும் தெரியவேண்டும். எனவே பர்ப்பிள் ஹார்டுக்குச் சேர்க்கும் அதே தாள்கள் இதற்கும் உதவும். 2005-இல் வந்த போர்ச்செயல் பேட்ஜைக் கேட்கவேண்டாம், அது 2001 செப்டம்பர் 18-க்குப் பிந்தைய சண்டைகளுக்கு மட்டும்.

இன்னும் இரண்டு, அவரே கேட்காதவை. 1967 அக்டோபர் முதல் ஓராண்டு என்றால் நான்கு போர்த்தொடர்கள் வருகின்றன: மூன்றாம் கட்ட எதிர்த்தாக்குதல், டெட், நான்காம் கட்டம், ஐந்தாம் கட்டம். வியட்நாம் சேவைப் பதக்கத்தில் போர்த்தொடருக்கு ஒன்றாக நான்கு சிறு வெண்கல நட்சத்திரங்கள் சேரவேண்டும், மேலே சொன்ன வீரத்துக்கான வெண்கல நட்சத்திரம் வேறு. அடுத்து, தென் வியட்நாமின் வீரச் சிலுவை, பனையோலை அடையாளத்தோடு, படைப்பிரிவுக்கான விருது. வியட்நாமில் இருந்த தரைப்படைப் பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அதை 1974-இன் 8-ஆம் எண் பொது உத்தரவு உறுதி செய்தது. அவர் வீடு திரும்பி ஆறு ஆண்டு கழித்து வந்த உத்தரவு 1968-இல் அடித்த தாளில் எப்படி இருக்கும்? இவற்றுக்குச் சாட்சி வேண்டாம், பணித் தேதிகள் போதும்.

எல்லாம் சேர்ந்தபின் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் தரைப்படை மனிதவளத் தலைமையகத்தின் பதக்கப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம். "24-ஆம் கட்டத்தில் இன்னின்ன சேர்க்கவேண்டும், ஆதாரம் இணைப்பு 1, 2, 3" என்று மட்டும். 1965 முதல் 1973 வரையான வியட்நாம் காலப் பொது உத்தரவுகளின் அட்டவணையும் அவர்களிடம் இருக்கிறது, அதில் அவர் பெயரைத் தேடும்படி கேள். நகல்களைத்தான் அனுப்பவேண்டும். மூலப் படிவத்தில் பேனாவால் ஒரு புள்ளிகூட வைக்காதே. ஒப்பினால் டிடி 215 என்ற திருத்தத் தாள் வரும். பழைய படிவத்தைத் திரும்ப அடித்துத் தரமாட்டார்கள், இரண்டையும் எப்போதும் சேர்த்தே காட்டவேண்டும். பதக்கம் ஒன்று தபாலில் வந்தது என்பதால் ஆவணம் திருந்திவிட்டதாக நினைத்துவிடாதே.

மறுத்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்து. அதையும் சேர்த்து டிடி 149 படிவத்தில் தரைப்படை ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகலாம். கீழே கேட்காமல் நேரே போனால் பெரும்பாலும் தொடாமலே திருப்புவார்கள். பிழை தெரிந்து மூன்று ஆண்டுக்குள் என்று சட்டம் சொல்கிறது, நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். இத்தனை காலம் ஏன் கேட்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். வாரியம் தானாகப் போய் விசாரிக்காது, பழைய எழுத்தர் சரியாகத்தான் செய்தார் என்ற ஊகத்திலிருந்து தொடங்கும். பத்து மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை ஆகலாம். அங்கேயும் மறுத்து, பிறகு புதுத் தாள் கிடைத்தால், எப்போது வேண்டுமானாலும் மறுபரிசீலனை கேட்கலாம். படிவத்தில் அவர் உன்னைப் பிரதிநிதியாக நியமிக்கலாம், ஓடியாடுவதை நீ செய்.

இதற்கெல்லாம் காசு கேட்கும் ஏஜென்சிகள் வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலர் இலவசமாகப் பார்த்துத் தருவார். பர்ப்பிள் ஹார்ட் பதிவானால் வீஏ மருத்துவத்தில் அவர் மூன்றாம் முன்னுரிமைப் பிரிவுக்குத் தகுதி பெறுவார். சிஐபி இருந்தால், இரவில் அவர் தூங்காமல் இருப்பதற்குக் காரணமான சம்பவத்தைத் தனியாக நிரூபிக்கச் சொல்லி வீஏ-யில் வற்புறுத்தமாட்டார்கள். அதனால்தான் இதை அவர் காலத்திலேயே முடிக்கவேண்டும் என்று எனக்கு அவசரம்.

அவரிடம் கேட்கும்போது காயத்திலிருந்து ஆரம்பிக்காதே. கம்பெனி எழுத்து என்ன, பட்டாலியன் எண் என்ன, பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார், வீட்டுக்கு அப்போது கடிதம் எழுதினாரா என்று கேள். அவருடைய அம்மா எடுத்துவைத்த கடித உறைகள் இன்னும் பரணில் இருந்தால், அனுப்பியவர் முகவரியில் கம்பெனியும் பட்டாலியனும் இருக்கும், அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும். மாப்பிள்ளையை இந்த ஞாயிற்றுக்கிழமையே பரணில் ஏறிப் பார்க்கச் சொல். உறை கிடைத்ததும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. எஸ்எஃப் 180-ஐ அதன்பிறகு சேர்ந்து நிரப்பலாம்.

அன்புடன்,
அப்பா